அடிவரை கலக்கிய கரண்டி

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, பங்கு மக்களே, வணக்கம். அப்பாவின் கையால் ஒரு கரண்டி குழம்பாவது வாங்கிச் சாப்பிடாதவர்கள் உங்களில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். கோயில் திருவிழா, கல்யாணம், முப்பதாம் நாள் என்று எந்தப் பந்தியிலும் குழம்பு வாளி அவரிடம்தான் இருக்கும். ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நின்று, கரண்டியை வாளியின் அடிவரை இறக்கி, ஒரு சுற்று சுற்றி, பிறகுதான் ஊற்றுவார். நூறு இலை என்றால் நூறு சுற்று. பசியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எரிச்சல் வரும். "இன்னா பெரியவரே, கொழம்பு ஊத்தறியா, கெணறு தூர் வார்றியா?" என்று கிண்டல் செய்தவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அப்பா அடுத்த இலைக்குப் போய் மறுபடியும் சுற்றுவார்.

அந்தச் சுற்று எங்கிருந்து வந்தது என்று ஐம்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தபோது நான் நின்ற இடம் இங்கிருந்து மூன்று நாள் பயணத் தூரம். அதைத்தான் எழுதப்போகிறேன். ஓராண்டு நினைவுக்கு எழுதுவதால் துக்கத்தோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதச் சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில். அவருடைய அப்பா, அம்மா இருவருமே பாத்தியில் உப்பு வாரியவர்கள். மழை பிடித்தால் பாத்தி மூழ்கும், வேலை இருக்காது, வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விழுப்புரத்துக்குப் போனார். ஓட்டப் பந்தயத்தில் முதல் ஆளாக வந்தாராம். உப்புச் சேற்றில் ஓடிப் பழகிய கால், காய்ந்த மண்ணில் பறந்தது என்று சொல்லுவார். அவர் வாழ்க்கையில் தற்பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

டெலிபோன் கம்பி இழுக்கும் பிரிவில் சேர்த்தார்கள். வடகிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். சீனாவோடு சண்டை வந்தபோது அவருக்கு இருபது வயது. பனியில் வழி தவறி, கையில் கம்பிச் சுருளோடு பிடிபட்டார். திபெத்துப் பக்கம் கொண்டுபோய் ஆறு மாதம் போல் அடைத்து வைத்திருந்தார்கள். இந்த அளவுக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்டால், "சீனாக்காரன்கிட்ட கொஞ்ச நாள் இருந்தேன். குளுரு. வேற ஒண்ணும் இல்ல" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

விடுதலையாகி வந்த கொஞ்ச நாளில் உடம்பு சரியில்லை என்று பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து பாத்தியில் இறங்கினார். அம்மாவைக் கல்யாணம் செய்தார். அக்கா பிறந்தாள், நான் பிறந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அப்பா காலையில் உப்பு வாரி, மதியம் சமைத்து, எங்கள் இருவரையும் வளர்த்தார். வீட்டிலும் அவர்தான் பரிமாறுவார். எனக்கு ஒரு கரண்டி, அக்காவுக்கு ஒரு கரண்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுற்று. மீன் துண்டு எனக்கு ஒன்று கூடுதலாக விழுந்ததாக ஒரு நாள்கூட நினைவில்லை. கடைசியில்தான் தனக்குப் போட்டுக்கொள்வார்.

அவருடைய கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே நெருப்பு. பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் இருக்குது என்பார். போர்வை பட்டால்கூடத் தாங்காது. வேலை முடிந்து எல்லோரும் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்; அப்பா பக்கத்துக் கழுவெளிச் சதுப்புத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி அரை மணி நேரம் நிற்பார். வீட்டில் அவருக்கென்று ஒரு அலுமினியத் தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டுதான் ரேடியோ கேட்பார். ஊரில் எல்லோரும் அதை உப்பு அரித்த கால் என்றார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் யாருக்குத்தான் காலில் புண்ணும் எரிச்சலும் இல்லை? அப்பாவும் ஆமாம் என்றார். நாங்களும் நம்பினோம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றேன். ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது எனக்கு. கூனிமேட்டில் மீன் வண்டி, கோட்டக்குப்பத்து நண்பர் மூலமாக இரண்டு வருடம் வளைகுடா, அப்புறம் லாரி. கிளீனராக ஏறி டிரைவரானேன். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்தால் பெரிது. அப்பாவைப் பார்த்துக்கொண்டது முழுக்க அக்காதான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை, உண்மை அது.

இப்போது எங்கள் வீட்டில் நடந்த தவற்றுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் ஊரில் இலவசமாகச் சர்க்கரை பார்க்கும் முகாம் போட்டார்கள். அப்பா போகிற வழியில் பனைமரத்தடியில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு இரண்டு சொம்பு குடித்துவிட்டுப் போய் விரலை நீட்டினார். எண் கூடுதலாக வந்தது. முகாமில் இருந்த பிள்ளை, வெறும் வயிற்றில் இன்னொரு தடவை பாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியது. யார் பார்த்தார்கள்? கால் எரிச்சல் வேறு ஊருக்கே தெரியும். "கால் எரிஞ்சா சுகர்தான், எங்க மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் அரிசியை நிறுத்தச் சொன்னார். இன்னொருவர் கிழங்கை. மற்றொருவர் வாழைப்பழத்தை. முட்டை சூடு என்றார்கள், வேர்க்கடலை பித்தம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தான் விழுங்கும் சுகர் மாத்திரையைச் சொல்ல, அக்காவும் அதையே வாங்கிக் கொடுத்தாள். காலையில் கேழ்வரகுக் கூழ் கொஞ்சம், மதியம் கீரைத் தண்ணீர், மாலையில் ஒரு கோதுமை தோசை, ரசம். அவ்வளவுதான்.

அக்கா இதைப் பாசத்தில் செய்தாள். ஒரு நாள் தவறாமல் செய்தாள். இரண்டு வருடத்தில் அப்பா பாதியானார். எரிச்சல் முழங்கால் வரை ஏறியது. நடந்தால் தள்ளாடினார். அந்த வருடத் திருவிழாப் பந்தியில் வாளியைத் தூக்கியவர் நான்காவது இலையில் உட்கார்ந்துவிட்டார். வேறு ஒருவர் வாளியை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வாசல் தாண்டவில்லை. நான் போன் செய்தால், அடுத்த வருஷம் பந்திக்கு நிற்பேனா தெரியலை என்பார். மற்றதெல்லாம் அவருக்குப் பரவாயில்லை. வாளி கைவிட்டுப் போனதுதான் தாங்கவில்லை. கூடிய சீக்கிரம் போய்விடுவார் என்று நானே மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. மேற்கு வங்கத்தில் சிலிகுரிக்கு மேலே மலைப்பாதையில் மண் சரிந்து, நாற்பது லாரி நின்றுவிட்டது. இரண்டாம் நாள் எங்களிடம் இருந்த ரொட்டி தீர்ந்தது. பாதையோரத்து ஓட்டல்காரர் தன்னிடம் இருந்த அரிசி, பருப்பு எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டு வேகவைத்தார். அவருடைய அப்பா, எண்பது வயதுக்காரர், பரிமாற வந்தார். நாங்கள் தட்டோடு வரிசையில் நின்றோம். பெரியவர் கரண்டியை அண்டாவின் அடிவரை இறக்கினார். ஒரு சுற்று. ஊற்றினார். அடுத்த ஆள். மறுபடியும் அடிவரை, ஒரு சுற்று. அடுத்த ஆள். மறுபடியும்.

அது அப்பாவின் சுற்று. என் முறை வந்தும் தட்டை நீட்டாமல் நின்றேன். பின்னால் இருந்த டிரைவர் இடித்தார். நாற்பது பேருக்கும் ஊற்றி முடித்து, கடைசியில் தனக்கு எடுத்துக்கொண்டு, பெரியவர் ஓடைப் பக்கம் போனார். நானும் தட்டோடு பின்னாலேயே போனேன். அவர் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் ஓடையில் விட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்: சுகரா?

அவர் சிரித்துவிட்டார். சுகர் இல்லை, இது பசி என்றார்.

அந்த மனிதரும் பட்டாளத்தில் இருந்து, அதே சண்டையில் பிடிபட்டவர். சீனாக்காரர்களின் கைதி முகாமில் முள்ளங்கி வேகவைத்த தண்ணீரும், ஒட்டத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும்தான் கிடைத்ததாம், அதுவும் அரைவயிறு. மூன்றாம் மாதம் ஒவ்வொருவனாகக் கால் எரிகிறது என்று அழ ஆரம்பித்தார்களாம். பனிக்காலத்தில், கால் எரிகிறது என்று பனியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் பார் என்று சொல்லி அவர் மறுபடியும் சிரித்தார். சத்தில்லாமல் நரம்பு செத்துப்போன வலி அது என்று பின்னால் பட்டாள ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். முழுசாகப் போகாது, ஆனால் நன்றாகச் சாப்பிட்டால் அடங்கியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் திரும்ப எழுந்துவிடும். அவரோடு வந்தவர்களில், கால் எரிகிறது என்று பத்தியம் பிடித்தவர்கள் சீக்கிரம் படுத்துவிட்டார்கள் என்றார்.

கரண்டியைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு அறைக்கும் ஒருவன் கரண்டி பிடிப்பான் என்றார். அந்த அறையில் யாருடைய ஊர்க்காரனாகவும் இல்லாதவனை, யாருடைய பாஷையும் தெரியாதவனைத்தான் தேர்ந்தெடுப்பார்களாம். அவனுக்குத்தான் வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. அவர் அறையில் அது அவர்.

மறுநாள் பாதை திறந்து, கீழே இறங்கி, சிக்னல் கிடைத்த முதல் வளைவில் லாரியை ஓரம் கட்டினேன்.

"இன்னாடா, உயிரோட இருக்கியா?" என்றாள் அக்கா.

"அக்கா, அப்பாவுக்கு சுகர் இல்ல."

"நீ எப்படா டாக்டருக்குப் படிச்ச? ஏழாவதே தாண்டல."

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கே ஒரு முட்டை அவித்துக் கொடு, சோறு போடு, அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு என்றேன்.

"நீ மலை மேல நின்னுக்கினு சோறு போடு, சோறு போடுன்னு கத்துற. போட்டு ஏதாவது ஆச்சுன்னா யாரு நிக்கறது? நானு. ரெண்டு வருஷமா நாந்தான நிக்கறேன்?"

"வர்றேன்" என்றேன்.

"எப்ப? பொங்கலுக்கா?"

"இப்பவே வர்றேன்க்கா. அதுவரைக்கும் முட்டை மட்டுமாவது குடு."

சிலிகுரியில் லாரியைக் கூட வந்த டிரைவரிடம் ஒப்படைத்தேன். முன்பதிவில்லாத பெட்டியில் சென்னை வரை நின்றும் உட்கார்ந்தும் வந்தேன். தூக்கமே வரவில்லை, அவ்வளவு பரபரப்பு. வழியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும், எங்கப்பாவுக்கு சுகர் இல்லை தெரியுமா என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துப் பாத்திகள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தபோது, பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் தொட்டியில். தோளில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவர் காதருகே, "அப்பா, உங்க ரூம்ல கரண்டி யாரு புடிச்சாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"யாரு சொன்னது உனக்கு?"

அப்புறம் அவரே சொன்னார். அறுபது வருடத்தில் முதல் தடவையாக. அக்கா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு வாளி வரும். மேல தண்ணி, அடியில முள்ளங்கி. மொதல்ல வாங்கறவனுக்கு வெறும் தண்ணி, கடைசில வாங்கறவனுக்குத் துண்டு. அதுக்கே அடிச்சுக்குவானுங்க. எல்லாம் பஞ்சாபி, டோக்ரான்னு வடக்கத்திக்காரனுங்க. தமிழு நான் ஒருத்தன்தான். உனக்கு இங்க யாரும் இல்ல, நீயே புடின்னு குடுத்துட்டாங்க. கலக்காம ஒரு கரண்டி ஊத்துனாலும் ஒருத்தன் பட்டினிடா. அது கைக்கு வந்துடுச்சு. போவல."

"கால் எரியறது அங்கியே ஆரம்பிச்சுதா?"

"அங்கதான். உப்புன்னு நீங்களே சொல்லிக்கினீங்க. நானும் வுட்டுட்டேன்."

அக்கா உள்ளே வந்தாள். "சோறு கொறைக்கறேனேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லப்பா?"

"போட்டதைத் துன்னணும், கொறைஞ்சா கேக்கக் கூடாது. அது அங்க பழகினது. நீயும் நல்லதுக்குத்தான செஞ்ச."

அக்கா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நானே பட்டினி போட்டுட்டேனே என்று அழுதாள். அப்பா ஈரக் காலோடு எழுந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அட, சீனாக்காரன் ஆறு மாசம். நீ ரெண்டு வருசம். ஆனா ஒண்ணு, உன் ரசம் நல்லா இருந்துச்சு" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் வெறும் வயிற்றில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். நான் மலையில் கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பதநீர் குடித்த கதைக்கு மட்டும் சிரித்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை நோய் இல்லை. நரம்புக்கு வேண்டிய சத்து அடிமட்டத்தில் இருந்தது. பழைய சேதம் முழுவதும் சரியாகாது, ஆனால் இந்த இரண்டு வருடத்தில் கூடிய வலியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம் என்றார். மாத்திரையை நிறுத்தினார். ஊசி எழுதினார். சாப்பாடு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினார்: முட்டை, மீன், பருப்பு, வேர்க்கடலை, சோறு. அக்கா அந்தச் சீட்டை ஜெபமாலையோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு மெஸ். அப்பா சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை வாயில் வைத்தபோது நாங்கள் இருவரும் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பார் வாளியோடு வந்த தம்பி மேலாக மொண்டு ஊற்றினான். அப்பா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "கலக்கி ஊத்துப்பா" என்றார். அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வாரா வாரம் ஊசி. மூன்றாம் மாதம் வாசலுக்கு வந்தார். ஐந்தாம் மாதம் கோயில் வரை நடந்தார். எரிச்சல் முழங்காலிலிருந்து இறங்கிப் பழையபடி பாதத்தோடு நின்றது. அது கடைசி வரை போகவில்லை, தொட்டியும் போகவில்லை. ஆனால் அந்த வருடத் திருவிழாவில் முதல் பந்திக்கு அப்பா வாளியோடு நின்றார். வாளியை நான் தூக்கினேன், கரண்டி அவர் கையில். எழுபது இலைக்கு மேல் ஊற்றினார். அன்றைக்கு யாரும் கிண்டல் செய்யவில்லை. பிறகு நான்கு திருவிழா பார்த்தார். நானும் லாரியை விட்டுவிட்டு, ஊருக்குள்ளேயே உப்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறேன். இவ்வளவு நாள் ஒரே இடத்தில் இருந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

கடைசியில் நெஞ்சுச் சளி வந்து ஒரு வாரம் படுத்தார். போன அன்று காலை அரை இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பு கம்மி என்று அக்காவிடம் குறை சொன்னார். மதியம் மூச்சு நின்றது. காலைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அந்தக் காலை அப்படிக் குளிர்ச்சியாக நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. வாரா வாரம் மீன் இறக்கிவிட்டுத் தன் வண்டியிலேயே அப்பாவை ஊசிக்கு அழைத்துப்போன கூனிமேட்டு பாய்க்கு நன்றி. நாங்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட டாக்டரம்மாவுக்கு நன்றி. கடைசி வாரம் தினமும் வந்து ஜெபித்த பங்குத் தந்தைக்கும், அடக்கத்துக்கு வேலையை விட்டுவிட்டு வந்த உப்பளத்துத் தோழர்களுக்கும் நன்றி. மாத்திரையைப் பரிந்துரைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்றி. அவர்தான் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். அக்காவுக்கு நான் நன்றி சொன்னால் அடிக்க வருவாள், ஆனாலும் சொல்கிறேன். மலைப்பாதையில் இருந்த பெரியவருக்கு இந்த மலரை அனுப்புகிறேன். இருக்கிறாரா, தெரியவில்லை. தமிழ் அவருக்குத் தெரியாது. அட்டையில் அப்பா கரண்டி பிடித்திருக்கும் படம் இருக்கிறது, அவருக்கு அது போதும்.

திருப்பலி முடிந்ததும் கோயில் பின்புறத்தில் சாப்பாடு. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பரிமாறுகிறவர் அவசரத்தில் மேலாக மொண்டு ஊற்றினால், கூச்சப்படாமல் அவர் கையைப் பிடித்துக் கலக்கச் சொல்லுங்கள். அக்காவும் நானும் கடைசிப் பந்தியில்தான் உட்காருகிறோம்.